பழுவூர் இளையராணியும் பூலாம்பாடிப் பெண்களும்

பூலாம்பாடியில் பஸ் ஏறி, பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாறினால் கீழப்பழுவூர் வந்துவிடும். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் தமிழ் வாசகர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மூடுபல்லக்கு. அதற்குள் இருப்பவள் பழுவூர் இளையராணி நந்தினி. அவளுக்கும் அறுபதைத் தாண்டிய பெரிய பழுவேட்டரையருக்கும் நடந்த கல்யாணம்தான் தமிழில் மிக அதிகம் பேர் படித்த அன்பில்லாத கல்யாணம் என்று நினைக்கிறேன். நடந்தது கற்பனையில். ஆனால் பூலாம்பாடி, அரும்பாவூர், வேப்பந்தட்டை என்று இந்தப் பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் அதைப் படித்த, படிக்கக் கேட்ட பெண்களுக்கு அது வெறும் கற்பனையாக இருந்ததில்லை.

நந்தினி வரும் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்தது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. அந்த வருஷங்களில் கல்யாணம் என்பது சட்டத்தின் கண்ணில் என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 14-லிருந்து 15 ஆக உயர்த்தியதே 1949-இல்தான். ஒருவர் இரண்டு மனைவியரைக் கட்டக் கூடாது, சேர்ந்து வாழ முடியாத இந்துப் பெண் விவாகரத்துக் கேட்கலாம் என்று சென்னை மாகாணம் சட்டம் போட்டதும் அதே 1949-இல். நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அதாவது நந்தினி பல்லக்கில் ஏறியபோது, பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியேற சட்டம் வழி திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பூலாம்பாடி மாதிரி ஊரில் அப்படியொரு வழி இருக்கிறது என்பது எத்தனை பெண்களுக்குத் தெரிந்திருக்கும்?

1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. கல்கி இதழோ பொன்னியின் செல்வன் காலத்தில் எழுபதாயிரம் பிரதிகளைத் தாண்டி விற்றது. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடந்தன என்றால், ஒரு பிரதியை ஒருவர் மட்டும் படிக்கவில்லை. வாத்தியார் வீட்டுக்கோ கர்ணம் வீட்டுக்கோ வரும் இதழை, நாலாவது ஐந்தாவது படித்த ஒரு பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். கடலைக்காய் உரித்துக்கொண்டும் பருத்தி எடுத்துக்கொண்டும் மற்றவர்கள் கேட்பார்கள். மணியம் வரைந்த படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். பிறகு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சணல் நூலில் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைப்பார்கள். இன்றும் சில பழைய வீடுகளின் பரணில் அந்தப் பைண்டிங் கிடக்கிறது.

அப்படிக் கேட்டவர்களுக்குக் கல்யாணம் எப்படி நடந்தது? பெரும்பாலும் முறையில்தான். அத்தை மகன், மாமன் மகன், இல்லையென்றால் தாய்மாமனே. நிலம் வெளியே போகக் கூடாது, பெண் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மானாவாரி நிலம், மழை பெய்தால் சோளமும் பருத்தியும் கடலையும், பொய்த்தால் கடன். அந்த மண்ணில் இரண்டு ஏக்கர் பிரிந்து போவது ஒரு குடும்பத்தின் முதுகெலும்பை முறித்துவிடும். ஆகவே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பதினைந்து, இருபது வயது வித்தியாசம் என்பது யாரையும் உறுத்தவில்லை. மூத்தவள் பிரசவத்தில் செத்துப்போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இளையவளை அதே வீட்டில் கொடுத்தார்கள். மலாயாவுக்குப் போனவன் மூன்று மாதம் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுக் கப்பல் ஏறினால், அவள் ஐந்து வருஷம் மாமியாரோடு குடித்தனம் நடத்தினாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு விலை கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்து உழவர் வீடுகளில் பிறகு வந்தது. அன்றைய காலம் முழுக்க இருட்டு, இன்றைய காலம் முழுக்க வெளிச்சம் என்று எழுத என்னால் முடியாது.

அந்தத் திண்ணையில் நந்தினிக்கு என்ன பெயர் கிடைத்தது? பாதகி. சதிகாரி. நல்ல பாம்பு. எங்கள் உறவில் ஒரு பெரியம்மா, நந்தினி வரும் இடமெல்லாம் நெட்டி முறித்துச் சபித்துக்கொண்டே கேட்பாராம். கிழவனாக இருந்தாலும் கட்டின புருஷன், அவனை விரதம் என்று சொல்லி விலக்கி வைத்துவிட்டுப் பாண்டிய நாட்டு மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளோடு ரகசியம் பேசுகிறாளே என்று அவருக்குக் கோபம். அதே பெரியம்மா பதினாலு வயதில் தன் தாய்மாமனுக்கு இரண்டாந்தாரமாகப் போனவர். நந்தினிமேல் அவருக்கிருந்த கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுவதுண்டு. தான் விழுங்கிக்கொண்டதை இன்னொருத்தி விழுங்க மறுக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல.

கல்கி அந்தக் கல்யாணத்தை எப்படி எழுதினார் என்பது கவனிக்க வேண்டியது. நந்தினியை யாரும் இழுத்துவந்து தாலி கட்டவில்லை. சிறு வயதில் பழையாறையில் அவளுக்கும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் இருந்த நேசத்தை அரண்மனைப் பெரியவர்கள் பொருந்தாது என்று பிரித்தார்கள். பிறகு அதே கரிகாலன் வாளால் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலை அவள் கண்முன் போனது. அதற்கப்புறம்தான் அவள் பழுவேட்டரையரை ஏற்கிறாள். பழி தீர்க்க அது ஒரு வாசல். ஆக, முதல் தடவை அவள் விரும்பியதை யாரும் கேட்கவில்லை; இரண்டாம் தடவை அவளே தன் விருப்பத்தைக் கொன்றுவிட்டாள். மறுபக்கம் பெரிய பழுவேட்டரையர். உடம்பில் 64 போர்த்தழும்பு தாங்கிய வீரர், தனாதிகாரி, ராஜ்யத்தையே ஆட்டிவைக்கிறவர். தன் வீட்டு அந்தப்புரத்தில் மட்டும் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடக்கிறார். தம்பி சின்னப் பழுவேட்டரையர் எச்சரிக்கிறார், ஊர் சிரிக்கிறது, அவருக்குக் காது கேட்கவில்லை. கல்கி அவரைக் கேலி செய்யவில்லை, இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

அந்த மூன்றரை வருஷக் கதையில் ஓர் இடத்தில்கூட அந்த இருவருக்கும் நடுவே அன்பு முளைக்கவில்லை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தாலி கழுத்தில் ஏறிவிட்டால் பாசம் தானாக வந்துவிடும் என்று ஊரே நம்பிய காலத்தில், வராது என்று ஒரு ஜனரஞ்சக எழுத்தாளர் ஐந்து பாகத்துக்கு எழுதிக் காட்டினார். அந்தக் கல்யாணம் இரண்டு பேரையும் தின்கிறது, கூட இருப்பவர்களையும் தின்கிறது, ஒரு பட்டத்து இளவரசனின் சாவு வரை போகிறது. கிழவர் உண்மை தெரிந்த பிறகு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறார். அவ்வளவு கடுமையான கதையைத் திண்ணையில் கேட்ட பெண்கள் நந்தினியைத் திட்டினார்கள்தான். ஆனாலும் வாரம் தவறாமல் கேட்டார்கள்.

இதே நாவலில் மணிமேகலை என்று ஒரு பெண் இருக்கிறாள். நந்தினியின் நிழலில் பலரும் மறந்துவிடுகிற பெண். கடம்பூர்ச் சம்புவரையர் மகள். அண்ணன் கந்தமாறன் முதலில் தன் நண்பன் வந்தியத்தேவனின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அவள் மனசில் ஆசையை வளர்க்கிறான். அப்புறம் அரசியல் காற்று திசை மாறுகிறது. அவளை அரியணைக்குப் பேசப்படும் மதுராந்தகனுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். அந்தக் காற்றும் மாறியதும் ஆதித்த கரிகாலனுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவளிடம் முடிவைத்தான் சொல்கிறார்கள். கடைசியில் அவள் புத்தி பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். நந்தினியின் கதை அரண்மனைக்கு உரியது. மணிமேகலையின் கதை எந்த ஊரிலும் நடக்கும். ‘அந்த இடம் தட்டிப் போச்சு, இந்த இடம் வந்திருக்கு’ என்று சமையற்கட்டு வாசலில் நின்று அம்மா சொல்ல, மகள் தலையைக் குனிந்துகொண்டு கேட்ட வீடுகள் பூலாம்பாடியிலும் இருந்திருக்கும்.

இடையில் வந்த காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம் என்று பார்க்கிறேன், ஆனால் ரமணிசந்திரனைத் தாண்டிப் போக முடியவில்லை. 1969-இல் ராணிமுத்து வந்தது. பிறகு மாலைமதி போன்ற மாத நாவல்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப்பில் தொங்கும், பஸ் வருவதற்குள் வாங்கிவிடலாம். பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறைப் பெண்கள் திண்ணையில் கூடிக் கேட்பதை விட்டுத் தனியாக, மனசுக்குள் படிக்கத் தொடங்கினார்கள். ரமணிசந்திரனின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வார்ப்பு உண்டு: கட்டாயத்தாலோ தவறான புரிதலாலோ நடந்த கல்யாணம், ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள், கோபக்காரக் கணவன், கண்ணியமான மனைவி, மெல்ல மெல்ல அன்பு. இலக்கியக்காரர்கள் இவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் அந்தக் கணவன் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான். ‘நீ சாப்பிட்டாயா’ என்று கேட்கிறான். தன் வீட்டில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டறியாத பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. புருஷன் என்பவன் இப்படியும் இருக்கலாம் என்று அவள் முதல்முதலில் அங்கேதான் பார்த்தாள்.

கல்யாணங்களை நாவல்கள் மாற்றின என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றியவை வேறு. 1978-இல் பெண்ணின் மண வயது 18 ஆனது. ஊருக்குள் பள்ளிக்கூடம் வளர்ந்தது. 1989 என்ற ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. நிலம் பிரியக் கூடாது என்பதற்காகவே தாய்மாமனுக்குக் கொடுத்த பழக்கத்தின் அடிக்கல்லை அது அசைத்தது. மற்றொன்று, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். கல்யாணத்துக்குப் பணம், ஆனால் படித்தால்தான் பணம். பதினெட்டு முடிந்தால்தான் பணம். ‘இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும், கவர்மென்ட்டுக் காசு வரும்’ என்று அப்பன்மார் கணக்குப் போட்ட இரண்டு வருஷத்தில், பெண் பிள்ளைகள் வேறு கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1938 இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர் என்பதைப் பலரும் அறிவார்கள். அவர் நாவலாசிரியரும்கூட. ‘தாசிகள் மோசவலை’ 1936-இல் வெளிவந்தது. அவருடைய பெயரில் கொடுத்த கல்யாணப் பணம் 2011-இல் 25,000 ரூபாயும் பட்டதாரிக்கு 50,000 ரூபாயும், கூடவே தாலிக்கு நாலு கிராம் தங்கமும் என்றானது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டமே உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும் புதுமைப்பெண் திட்டமாகியது. தாலித் தங்கம் நின்றுவிட்டதே என்று வருந்திய தாய்மார்கள் இந்தப் பக்கம் நிறைய. எனக்கு வருத்தமில்லை. அரசாங்கம் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் பணம் அவள் கல்யாணத்துக்கு என்பதிலிருந்து அவள் படிப்புக்கு என்று மாறியது, இந்த நாட்டுப்புறத்தில் நான் பார்த்த மாற்றங்களில் பெரியவற்றுள் ஒன்று.

காலையில் பூலாம்பாடியிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேப்பந்தட்டை அரசுக் கல்லூரிக்கும் பெரம்பலூரிலுள்ள கல்லூரிகளுக்கும் போகிற பெண்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களில் பலருடைய பாட்டிகள் இந்த வயதில் இரண்டு குழந்தை பெற்றிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. மாநிலச் சராசரியைவிடக் குறைவுதான், ஆனால் அந்த மீதி மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் வயதானவர்கள். இந்த பஸ்ஸில் நிற்பவர்கள் அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களுக்கு நந்தினியைத் தெரியும். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு, பொன்னியின் செல்வனைப் படிக்காதவர்களுக்கும் தெரியும். ஐஸ்வர்யா ராயின் முகத்தோடு தெரியும். படத்துக்குப் பிறகு புத்தகத் திருவிழாக்களில் ஐந்து பாகத்தையும் கட்டாக வாங்கிக்கொண்டு போகும் இளம் பெண்களைப் பார்க்க முடிகிறது. கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையானதால் மலிவுப் பதிப்பும் கிடைக்கிறது. இவர்களிடம் பேசிப் பார்த்தால் கேள்விகள் தலைகீழாக இருக்கின்றன. நந்தினி செய்தது துரோகமா என்று இவர்கள் கேட்பதில்லை. பழையாறையில் அந்தப் பெண்ணைப் பிரித்து வைத்த பெரியவர்களைப் பற்றி ஏன் யாரும் கோபப்படவில்லை என்று கேட்கிறார்கள். அறுபது வயதுக்காரர் சிறு பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டதை வீரத் தழும்புகளால் மறைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். கரிகாலனின் தங்கை குந்தவை செய்ததும் சரியில்லை என்கிறார்கள். குந்தவையைக் குறை சொல்வதா! என் பெரியம்மா கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

ஒரே நாவல். எழுபது வருஷத்தில் அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் படிக்கிற பெண்ணின் கையில் இப்போது ஒரு கட்டணமில்லா பஸ் டிக்கெட், ஒரு வங்கிக் கணக்கு, ‘வேண்டாம்’ என்று சொன்னால் உடனே அடி விழாத ஒரு வீடு இருக்கின்றன. எல்லா வீடும் அப்படியில்லை என்பதும் தெரியும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1098-க்கு அழைக்கும் நிலைமை இன்னும் இந்த மாவட்டங்களில் தீர்ந்துவிடவில்லை.

என்னை உறுத்துகிற ஒன்று இனிமேல்தான் வருகிறது. இந்தப் பெண்கள் பஸ்ஸில் போகும்போது கைபேசியில் என்ன படிக்கிறார்கள்? பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி செயலியில் தமிழில் மலைமலையாகத் தொடர்கதைகள் இருக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாக வரும். நட்சத்திரம் கொடுக்கலாம், அடுத்த பகுதிக்குக் காசு கொடுத்துப் பூட்டைத் திறக்கலாம். எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கட்டைவிரலால் எழுதுகிறவர்கள். திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தவளின் பேத்தி இன்று எழுதுகிறாள், அவளுக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள். இதில் எனக்குள்ள சந்தோஷம் உண்மையானது.

ஆனால் அங்கே மிக அதிகம் ஓடும் வார்ப்புகளில் ஒன்று ‘கட்டாயக் கல்யாணம்’. அவன் கோடீஸ்வரன், இல்லையென்றால் ராஜா காலத்துக் கதையில் மகாராஜா. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோ மிரட்டியோ தாலி கட்டுகிறான். ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று அவனுக்குப் பெயர். கையை முறுக்குகிறான், அறையில் பூட்டுகிறான், அவள் அழுகிறாள். நாற்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது. ரமணிசந்திரனின் கணவன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டான். இந்த ஆன்ட்டி ஹீரோக்களில் பலருக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. அவனுடைய முரட்டுத்தனமே அன்பின் அளவு என்று வாசகிகள் கருத்துப் பகுதியில் இதயம் இதயமாகப் போடுகிறார்கள்.

படிக்கிற பெண்ணுக்கு இது கற்பனை என்று தெரியும் என்று வாதிடுவார்கள். தெரியும்தான். பயமில்லாத இடத்திலிருந்து பயத்தை ரசிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ‘தாலி ஏறட்டும், எல்லாம் சரியாப் போயிடும்’ என்ற பழைய ஊர்ச் சொல்லை, ஊரே மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது, கதை அதைத் துடைத்துப் பளபளப்பாக்கித் திரும்பக் கொண்டுவருகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அம்மா சொன்னால் எதிர்த்துப் பேசுவாள். பிடித்த தொடர்கதை சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டாள். 1950-இல் கல்கி துணிந்து எழுதியதை இன்று எழுதப் பலருக்குத் துணிவில்லை. அவர் அன்பில்லாத கல்யாணத்தை அன்பில்லாமலேயே விட்டுவைத்தார்.

கல்யாண விஷயத்தில் ஊர் மாறாத இடங்களும் உண்டு. இன்று பெண்ணைக் கேட்கிறார்கள்: ‘போட்டோ பாத்தியாம்மா, பிடிச்சிருக்கா?’ வாட்ஸ்அப்பில் வந்த மூன்று படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அந்த மூன்றும் ஒரே சாதி. அதற்கு வெளியே அவள் ஒரு பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் பட்டப்பகலில், சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது தமிழ்நாடே பார்த்தது. பழையாறை அரண்மனைப் பெரியவர்கள் நந்தினிக்குப் போட்ட கோடு அழியவில்லை. கோட்டுக்கு உள்ளே இடம் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

பரிசம் போய் வரதட்சணை வந்து நிலைத்துவிட்டது. பவுன் விலை ஏற ஏறப் பெண் பெற்றவர்கள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதற்கு நடுவே இன்னொரு பக்கம், சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டு நிலத்தைக் காப்பாற்றுகிற முப்பத்தைந்து வயது மகனுக்குப் பெண் கிடைக்காமல் அலைகிற வீடுகள். பட்டம் படித்த பெண் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவனைத்தான் கேட்கிறாள், விவசாயம் பார்க்கிறவன் வேண்டாம் என்கிறாள் என்று பெண்களைப் பழிக்கிறார்கள். 2011-இல் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 897 மட்டுமே. மாநிலம் முழுக்க 943. மாநிலத்திலேயே மிகக் குறைந்த கணக்குகளில் அது ஒன்று. பெண் கிடைக்கவில்லை என்று இனி வரப்போகிற வருஷங்களில் அலையும் வீடுகள், அந்தக் காணாமல்போன பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும். பிறக்க விடாத பெண்ணை எந்தத் தரகரும் தேடித் தர முடியாது.

கடைசியாக, எழுதுகிற பெண்களிடம் ஒரு வேண்டுகோள். நந்தினி கல்கியின் படைப்பு. பழுவேட்டரையர்கள் கற்பனை இல்லை. கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் அவர்கள் எடுப்பித்த கோயில்கள் இருக்கின்றன. கண்டன் மறவன் என்றும் மறவன் கண்டன் என்றும் அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. திருச்சி மருத்துவர் இரா. கலைக்கோவன் போன்றவர்கள் அந்தக் கல்வெட்டுகளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அந்தக் குலத்துப் பெண்கள் சோழ அரண்மனைக்கு மருமகள்களாகப் போனார்கள். முதலாம் பராந்தகன் ஒரு பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. அவள் வயிற்றுப் பிள்ளை அரிஞ்சயன். அவன் வழியில் வந்தவர்கள்தான் சுந்தர சோழனும் ராஜராஜனும். இந்த அரியலூர் மண்ணிலிருந்து கல்யாண உடன்பாடு பேசி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் கொள்ளுப்பேரன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான்.

உத்தம சோழனின் தேவியரிலும் ஒருத்தி பழுவேட்டரையர் மகள். நாகப்பட்டினம் பக்கத்துச் செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில் அவனுடைய ராணிகள் வரிசையாக வருகிறார்கள். இருங்கோளர் மகள், விழுப்பரையர் மகள், பழுவேட்டரையர் மகள் என்று அப்பன் பெயரோடு. எந்த நாட்டோடு எந்த நாடு சேர்ந்தது என்பதைச் சொல்லும் வரிசை அது. அத்தனை பேரும் சேர்ந்து மாமியார் செம்பியன் மாதேவி பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் உணவளிக்க நிவந்தம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கணவன், ஒரே வீடு, விதவையான ஒரு பெரும் மாமியார், வெவ்வேறு ஊரிலிருந்து வெவ்வேறு கணக்குக்காக வந்த இத்தனை பெண்கள். அவர்களில் யாராவது அவனை நேசித்தாளா? ஒருத்திக்கொருத்தி என்ன பேசிக்கொண்டார்கள்? பழுவூரிலிருந்து போனவளுக்குத் தன் ஊர் நினைவு வந்ததா? கல்லில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதை வைத்து ஒரு நாவல் எழுத எத்தனையோ இடம் இருக்கிறது. காலையில் அந்த டவுன் பஸ்ஸில் நிற்கிற பெண்களில் ஒருத்தி, நாற்பதாவது அத்தியாயத்தில் காதல் வந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், அந்தப் பழுவேட்டரையர் மகளுக்கு ஒரு பெயர் வைத்து எழுதத் தொடங்க வேண்டும்.